கோட்டைமேட்டுத் தீவு

டிராக்டர் அகழிக்குள் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. எம்ரிஸ் திரும்பிப் பார்த்தான். வந்த வழியெல்லாம் செவர்ன் ஆற்று வெள்ளம். எதிரே கோட்டைமேடு. அதன் உச்சியில் அவனுடைய ஆடுகள் நெருக்கியடித்து நின்று அவனையே வேடிக்கை பார்த்தன.

வேல்ஸ்காரர்களை அண்டவிடக் கூடாதென்று எந்தக் காலத்திலோ ஒரு நார்மன் பிரபு குவித்த மண் அது. கோட்டை போய்விட்டது; மேடும் அகழியும் மிச்சம். பழஞ்சின்னமென்று வெட்டித் தள்ள அரசாங்கம் விடாது. எம்ரிஸ் அதைத் திட்டாத நாளில்லை.

இறங்கி நடந்தான். ஒரு பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது. மேலே ஏறி, பக்கத்துப் பண்ணை இட்வாலைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தான். ஈரக்கை, அதுவும் உருண்டு தண்ணீருக்குள் போனது.

"வீட்டுக்குப் போடா, நெஸ்டாவைக் கூட்டிட்டு வா!" என்று கூடவே வந்திருந்த நாயை விரட்டினான். அது நீந்திப் போய் டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வந்தாலும் அவன் மனைவி நெஸ்டா பேசமாட்டாள். கல்யாண நாள் விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு அவன் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்க ஓடியதிலிருந்து மௌனம்தான்.

மழை வலுத்தது. ஆடுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீ வேணுமா?"

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நெஸ்டா நின்றிருந்தாள், கையில் பிளாஸ்க்.

"நீ எப்படி வந்த?"

"வந்துட்டேன்ல. குடிங்க."

"எனக்காக இந்த வெள்ளத்துல இறங்கினியா? நீச்சல்கூடத் தெரியாதே உனக்கு!"

அவள் கோட்டுப் பையிலிருந்து பழக்கேக்கை எடுத்துப் பிட்டுக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நான் எழுந்து போயிருக்கக் கூடாது, நெஸ்டா."

"ஆட்டையே கட்டியிருக்கலாம் நீங்க."

"அதுக்கு டீ போடத் தெரியாதே."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பியும் பார்த்தாள், முடியவில்லை.

"எப்படித் திரும்பறது?" என்றான் எம்ரிஸ்.

"தண்ணி வடியட்டும். என்ன அவசரம்?"

மதியம்வரை பேசினார்கள். எம்ரிஸ் ஈரப்புல்லைத் தடவினான். "எந்த மகராசன் கட்டினானோ, நல்லா இருக்கட்டும். நம்மளைத் துரத்தக் கட்டினான், நம்மளையே காப்பாத்திட்டான்."

அப்போது மேட்டின் பின்பக்கமாக, குடையைச் சுழற்றியபடி இட்வால் ஏறி வந்தான்.

"என்னப்பா எம்ரிஸ், இன்னுமா இங்க இருக்க? பின்பக்கம் மணல் மூட்டை போட்டு வழி பண்ணிட்டோம், செருப்புகூட நனையாதுன்னு காலையிலேயே உன் வீட்டம்மாகிட்டச் சொல்லி அனுப்பினேனே!"