வயிற்றின் மேல் ஒரு கிளாஸ் தேத்தண்ணி

இந்தத் தீவிலேயே தன் வயிற்றின் மேல் தேத்தண்ணி வைத்து அரசாங்க வேலைக்கு ஆள் எடுத்த ஒரே மனிதர் எங்கள் ‘தேத்தண்ணிக் கிளாக்கர்’தான். வேறு யாரும் இருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள். நான் நம்பமாட்டேன், ஆனாலும் போடுங்கள்.

அறுபதுகளில் திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஓர் ஆஸ்பத்திரியின் கந்தோரில் அவர் பெரிய கிளாக்கர், நான் சின்னக் கிளாக்கர். வார்டுகளுக்குச் சிற்றூழியர் பிடிப்பதும், பிடித்தவர்கள் நழுவாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஒருமுறை மூதூர்க்காரர் ஒருவர் காய்ச்சல் என்று கடிதம் அனுப்பிவிட்டு நின்றுவிட்டார். நம்மவர் அடுத்த லோஞ்சிலேயே கடலைக் கடந்து மூதூருக்குப் போய், ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் ஆளைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் குந்தினார்.

“காய்ச்சலுக்கு வட்டிலப்பம் நல்லதோ?”

“நீங்களும் ஒருக்கா தின்டு பாருங்க சேர்.”

இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பின்னேர லோஞ்சில் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வேலை கேட்டு வருபவர்களின் சான்றிதழை அவர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரெச்சரில் தானே ஏறி மல்லாந்து படுப்பார். வயிற்றின் மேல் விளிம்பு முட்ட ஒரு கிளாஸ் தேத்தண்ணி. தலைப்பக்கம் பழைய ஊழியர் கந்தப்பு, கால்பக்கம் வேலை கேட்டு வந்தவர். மேல் வார்டிலிருந்து பதினெட்டுப் படி இறங்கி முற்றத்துக்கு வரவேண்டும். சிந்தினால் வேலை இல்லை. எத்தனை பேர் தோற்றார்கள் என்பதை அவருடைய வெள்ளைச் சேட்டில் படிந்த கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவன் எம்.பி.யின் கடிதத்தோடு வந்தான். அதை நாலாக மடித்து கிளாஸுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். ஆறாம் படியில் எம்.பி.யின் கையெழுத்துக் கரைந்தது.

இதெல்லாம் எனக்கு நல்ல பகிடியாகத்தான் இருந்தது, என் மனைவியின் தம்பி செல்வம் வேலை கேட்டு வரும்வரை. சல்லிக் கிராமத்தில் அவனுக்குப் பெண் பேசியிருந்தோம். தைக்கு முன் அரசாங்க வேலை கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை மூன்றாம் படியிலேயே சிந்தினான். இரண்டாம் தடவை முற்றம்வரை வந்துவிட்டான். எங்கள் ஊரில் தெருவெல்லாம் மான் திரியும்; அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒன்று குறுக்கே பாய்ந்தது. சேட்டு நனைந்தது.

“மான் பாய்ஞ்சதுக்கு அவன் என்ன செய்யிறது?” என்றேன்.

“வருத்தக்காரனைத் தூக்கிக்கொண்டு வரேக்கயும் மான் பாயும், தம்பி.”

“அவன் என்ர மச்சான், ஐயா!”

“அது எனக்குத் தெரியும். தேத்தண்ணிக்குத் தெரியாது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்கள் வேலை குடுக்கிறது மனுசருக்கோ, கிளாஸுக்கோ?” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சேட்டைப் பிழிந்தபடி சொன்னார்: “மேல கிடக்கிறவனுக்கு நோவில கதைக்க ஏலாது. அவனுக்காகத்தான் தேத்தண்ணி கதைக்குது.”

அன்று வீட்டில் எனக்குச் சோறு சூடாகக் கிடைக்கவில்லை. அடுத்த நாளே லிங்கநகரில் எங்கள் வீட்டு வளவில் பயிற்சி தொடங்கியது. இரண்டு தடி, ஒரு சாக்கு. ஒரு முனையில் மச்சான், மறுமுனையில் மனைவி, நடுவில் கிளாஸோடு நான். முதல் நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு அம்மா, நான் போய்விட்டேன் என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டார். இரண்டு கிழமை என் வயிறு வெந்தது.

மூன்றாம் தடவை மார்கழிக் கடைசி. இரண்டு பேர் வராததால் முதல் நாள் முழுக்க ஆள் தேடி அலைந்த கிளாக்கர், சிவந்த கண்ணோடு வந்து படுத்தார். பதினெட்டுப் படியும் இறங்கினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தீர்ப்புக்குக் காத்து நின்றோம். குறட்டைதான் வந்தது.

கீழே வைத்தால் குலுங்கும். எழுப்பினால் துள்ளுவார். இருவரும் முற்றத்தைச் சுற்றத் தொடங்கினார்கள்.

“தம்பி, எனக்குக் கை ஏலாது,” என்றார் கந்தப்பு.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, என்ர கலியாணம்!”

அரை மணித்தியாலம் கழித்துக் கிளாக்கர் கண் விழித்தார். ஆறிய தேத்தண்ணியைப் படுத்தபடியே எடுத்துக் குடித்தார். “இத்தனை வருசத்தில எனக்கு நித்திரை வரப்பண்ணினவன் நீதான். நாளைக்கே வேலைக்கு வா,” என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்களின் பின், நெஞ்சு வருத்தத்தோடு எங்கள் மேல் வார்டுக்கே வந்து சேர்ந்தார். பத்து நாளில் தேறினார். வீட்டுக்குப் போகும் அன்று நடக்கக்கூடாது என்றார் டொக்டர். அவரைத் தூக்கப் போட்டி போட்டவர்களை விலக்கிக்கொண்டு செல்வம் கால்பக்கம் வந்து பிடித்தான். கிளாக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வயிற்றின் மேல், கிளாஸ் பிடிப்பதுபோல் கையை வளைத்து வைத்துக்கொண்டார்.

முன்னால் இறங்கிப் போய், கீழே கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வயிற்றை வேகவைத்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது எனக்கே தெரியாது.

ஸ்ட்ரெச்சர் காரடிக்கு வந்து அப்படியே நின்றது. “ஏத்து மச்சான், என்ன நிக்கிறாய்?” என்றேன்.

செல்வம் குரலைத் தாழ்த்தினான்.

“சத்தம் போடாதேங்கோ அத்தான். அவர் நித்திரை.”

அதே பழைய குறட்டை கேட்டது. நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவர்களோடு சேர்ந்து முற்றத்தைச் சுற்றினேன்.