முன்னாள் காகிதம்

உலகத்தில் நேர்மை இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், அது ஜெர்மனியின் வடகடல் ஓரத்துத் துறைமுக ஊர் ஒன்றில், காகிதக் கப்பல் செய்வோர் சங்கத்தில்தான் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரே விதி. கப்பலில் காகிதமும் பசையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. ஆண்டுப் போட்டியில் வெல்லும் கப்பல், சங்க மண்டப வாசலிலுள்ள கண்ணாடிப் பெட்டிக்குப் போகும்.

ஹார்ம் மூன்று குளிர்காலம் உழைத்து ஓர் இழுவைக் கப்பல் செய்திருந்தார். செய்த இடம், வீட்டிலிருந்த ஒரே சாப்பாட்டு மேசை. அவரும் மனைவி விப்கேயும் இஸ்திரிப் பலகையில் தட்டு வைத்துச் சாப்பிட்டு வந்தார்கள்.

"இந்த வருஷம் அது கண்ணாடிப் பெட்டிக்குப் போகணும். இல்லேன்னா நீங்களும் அதுவும் கொட்டகைக்குப் போகணும்" என்று விப்கே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

போட்டி நெருங்கும்போது கப்பலின் மூக்கில், தாள்கள் சேரும் இடத்தில், இடைவெளி விட்டது. கார் நெளிசலை அடைக்கப் பூசும், காய்ந்தால் கல்லாக இறுகும் பட்டியை வாங்கிப் பூசியிருக்கலாம். சங்க விதிப்படி அது பாவம். ஹார்ம் வெட்டி மிஞ்சிய துணுக்குகள், முட்டை அட்டை, கழிவறைத் தாள் சுற்றியிருந்த குழல் எல்லாவற்றையும் விப்கேயின் காப்பி அரைக்கும் இயந்திரத்தில் போட்டு அரைத்தார். வெள்ளைப் பசையில் குழைத்துச் சொந்தப் பட்டி தயாரித்தார். பூசிக் காயவைத்துத் தேய்த்ததும் மூக்கு வழவழவென்று ஆனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காப்பி குடித்த விப்கேவுக்கும் கலங்கியது.

சங்கத் தலைவர் டோலன்தான் தலைமை நடுவர். போட்டியாளரும் அவரே. நேர்மையான ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

"ஹார்ம், மூக்குல என்ன பூசியிருக்கீங்க?" என்று போட்டியன்று கேட்டார்.

"காகிதந்தான் தலைவரே. அரைச்சது."

"அரைச்ச பிறகு அது காகிதமா?"

"பின்னே, பாலாடைக்கட்டியா?"

"கோதுமைய அரைச்சா மாவு. மாவைப் பார்த்து எவனாவது கோதுமைன்னு சொல்வானா?"

நடுவர் குழு ஆழ்ந்து சிந்தித்தது. அந்த ஊரில் மூன்றாவது கோப்பைத் தேநீர் முடியாமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. கற்கண்டு போட்டு, பாலேடு மிதக்கவிட்டு, மூன்றையும் குடித்தார்கள். பிறகு தீர்ப்பு வந்தது: அரைபட்டது 'முன்னாள் காகிதம்', முன்னாள்களுக்குப் போட்டியில் இடமில்லை.

பரிசு தலைவரின் போர்க்கப்பலுக்குப் போனது. அதன் உடம்பு முட்டை ஓடு மாதிரி இருந்தது.

"எப்படித் தலைவரே இவ்வளவு வழவழப்பு?" என்று ஹார்ம் கேட்டார்.

"மனசு சுத்தமா இருந்தா விரல் சொன்னபடி கேக்கும்ப்பா."

சொல்லிக்கொண்டே தலைவர் கப்பலைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போனார். கொடிமரம் கதவு நிலையில் தட்டியது. கப்பல் கீழே விழுந்து, பீங்கான் தட்டு போல உடைந்தது.

அந்த ஊரில் தன் குப்பையை அடுத்தவர் கையில் கொடுக்கும் வழக்கமில்லை. தப்பான தொட்டியில் குப்பை போட்டவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். தலைவரே துண்டுகளை வாரிக்கொண்டு கொல்லைக்குப் போனார். காகிதத்துக்கான நீலத் தொட்டியைத் திறந்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். மூடினார். மற்ற குப்பைக்கான கறுப்புத் தொட்டிக்கு நடந்தார்.

சங்கமே பின்னால் நின்று பார்த்தது.

"தலைவரே, நீலம் இங்க இருக்கு" என்றாள் விப்கே.

"தெரியும்மா. அதுல காகிதம் மட்டுந்தான் போடணும்."

விப்கே கணவரின் கப்பலைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்போ எங்களோடத எதுல போடறது?"

"நீலத்துல போடு. அது முழுக்கக் காகிதமாச்சே" என்றார் தலைவர், பழக்க தோஷத்தில்.

விப்கே எந்தத் தொட்டியிலும் போடவில்லை. நேராகப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். யாரும் தடுக்கவில்லை. அன்று மதியம் ஹார்ம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நேர்மை அந்தச் சங்கத்தில் மிச்சம் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதில் மாற்றமில்லை. அதைக் குப்பைத் தொட்டிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.