பின் சீட்டில் நான் வாயே திறக்கவில்லை

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் தொண்டை மட்டும் கட்டிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கவனம் ஓரிடத்தில் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் லைசென்ஸுக்கு முன்னால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மாவிடம் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும் என்றார் டாக்டர். சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து வண்டி ஓட்டுவது வரை ஒருவரால் பத்திரமாகச் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் அந்த அம்மாவின் தொழில். தேறாவிட்டால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாவிட்டால் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்க்க அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலையும் இல்லை.

முதலில் ஓர் அறையில் விளக்கு எரிந்தால் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள், அவள் மிதித்தாள், மூலையில் இருந்த நானும் மிதித்தேன், குப்பைக்கூடை கவிழ்ந்தது. அப்புறம் சாலைக்குக் கிளம்பினோம். "வாயைத் திறக்கக் கூடாது சார்" என்று சொல்லித்தான் என்னைப் பின் சீட்டில் ஏற்றினார் அந்த அம்மா. நான் திறக்கவே இல்லை அக்கா, முதல் திருப்பம் வரைக்கும். அங்கே சாலையோரம் ஒரு கிழவர் நின்றார், "ஆளு! ஆளு!" என்று கத்தினேன், அவள் பாட்டுக்குப் போனாள். சந்திப்பில் "சிவப்பு! நில்லும்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறாள்! அந்த அம்மா ஏதோ எழுதினார். போச்சு, வேலை போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். இறங்கியதும் அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பின்னாடி இவ்வளவு கூச்சல்ல நானே தடுமாறியிருப்பேன். நீ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கலையேம்மா! பாஸ்!" என்றார். அக்கா, நடுரோடு என்றும் பார்க்காமல் குதித்தேன்! கவனமே இல்லாத பெண் என்று இருபது வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான், அழுதும்விட்டேன். ஆனாலும் அவள் சிவப்பைத் தாண்டியது மனதை அரிக்கிறது. முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிற எனக்குத் தெரியாதா? ஆகவே இனி அவள் எங்கே போனாலும் பக்கத்தில் நான் இருப்பேன், வேலைக்கும்தான்.

அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. அடுத்த மாதம் நானே கார் ஓட்டி வந்து உங்களை அழைத்து வருகிறேன்.

அன்புத் தம்பி

பி.கு.: அந்த அம்மா கொடுத்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைக் கவரை ஒட்டிய பிறகுதான் படித்தேன், பிரித்து எழுதுகிறேன். விளக்கு பச்சையாம். கிழவர் தபால் பெட்டியாம். அவள் தனியாகவே ஓட்டலாமாம். என்னைத்தான் வியாழக்கிழமை ஓட்டிக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை கார்ச் சாவி மகளிடம். "நானும் வர்றேன்ப்பா, பின் சீட்டுல உக்காந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்" என்கிறாள்.