ஹெட்போன் கம்பியைக் கடித்த எலி

2023ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை. நாமக்கல்லில் காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. புழுக்கம் இருந்தது, மழை இல்லை.

அன்று என் மனைவி சாரதாமணி தன் ஹெட்போனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். கம்பியின் நடுவே இருந்த பொத்தானைக் காணவில்லை.

"எலி கடிச்சுப்போட்டுதுங்க."

புதிது வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"முப்பத்திநாலு வருசம் பிசிக்ஸ் வாத்தியாரா இருந்தீங்க. ஒரு பொத்தான் பண்ண மாட்டீங்களாக்கும்?"

இதற்குப் பிறகு எந்தக் கணவன் கடைக்குப் போவான்?

அதில் அவள் கேட்பது பாட்டன்று. எங்கள் மகன் அன்பழகன் போர்வெல் ரிக் வண்டியிலிருந்து அவளுக்கு அனுப்பிய குரல் செய்திகள். மகள் இலக்கியா அவற்றைப் பாட்டுகளைப் போல வரிசையாகச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டு அவன் போர்வெல் போடப் போன நாளில், இனி அவன் குரலைக் கேட்பதில்லை என்று சபதம் செய்தேன். விபத்தில் அவன் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சபதத்தை நான் மீறவில்லை. யாரும் பாராட்டவுமில்லை.

பழைய ரேடியோவிலிருந்து சிறு பொத்தான் ஒன்றைக் கழற்றினேன். கம்பி இழைகளின் வண்ணப் பூச்சைச் சுரண்டி, அதனோடு பற்றவைத்து, பேனா மூடிக்குள் அடக்கினேன். ஒருமுறை அழுத்தினால் ஓடவோ நிற்கவோ வேண்டும். இருமுறை அழுத்தினால் அடுத்தது வர வேண்டும். சாரதாவைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன்.

"மாவுக் கையுங்க. செஞ்சவங்களே கேட்டுப் பார்க்கோணும்."

சோதிக்காத கருவியை ஒப்படைப்பது முறையன்று. காதில் மாட்டி அழுத்தினேன்.

"அம்மா, அறநூறு அடியில தண்ணி வந்துருச்சு. அப்பாகிட்டச் சொல்லு."

இருமுறை அழுத்தினேன்.

"அப்பாகிட்டச் சொன்னியா?"

பொத்தான் வேலை செய்தது. ஆயினும் நாற்பத்தொரு செய்திகளையும் சோதித்தேன். சாரதா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

மாலையில் மேசையைத் துடைக்கும்போதுதான், பற்றவைக்குமுன் நான் நறுக்கிப் போட்ட கம்பித் துண்டுகளில் எலி கடித்த முனைகளைப் பார்த்தேன். கத்தரித்தாற்போல் நேராக இருந்தன.

"சாரதா, எந்த எலி இவ்வளவு நேராகக் கடிக்கும்?"

"வாத்தியார் ஊட்டு எலிங்க. அளந்துதான் கடிக்கும்."

அதன்பின் நடந்தது இவ்வளவே. பொத்தான் பத்தொன்பது நாள்கள் நன்றாக உழைத்தது. ஹெட்போன் எந்நேரமும் அவள் காதிலேயே இருந்தது. கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருபதாம் நாள், அவள் குளிக்கப் போனபோது கத்தரிக்கோலை எடுத்தேன். கவனமாக, கோணலாகவே வெட்டினேன். அறுந்த கம்பியோடு அவள் முன் போய் நின்றேன்.

நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்: "எலிதானுங்களே?"