விலை விசாரித்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில், மரங்களைவிடக் கடன் கொடுப்பவர்கள் அதிகமாகிவிட்ட ஒரு காட்டில், பொன்னுத்தாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறாத ஜென்மம். பள்ளத்தில் இருந்த அதன் வளை மழைக்கு மழை நிரம்பிவிடும். இப்போதோ வயிற்றில் குட்டிகள். அடைமழைக்குள் மேட்டில் ஒரு வளை வாங்கியாக வேண்டும்.

கரடியிடம் கடன் கேட்டுப் போனது. கரடி, காட்டு வழக்கப்படி, ஆந்தையிடம் விசாரித்தது. யார் எவ்வளவு நாணயம் என்று மதிப்பெண் போட்டு வைத்திருப்பது ஆந்தைதான்.

“பிரமாதமான ஸ்கோர்மா! இன்னிக்கே கையெழுத்துப் போடு” என்றது கரடி.

பொன்னுத்தாயி நாலு கடை ஏறி இறங்காமல் கத்திரிக்காய்கூட வாங்காது. “வட்டி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குண்ணே. நாலு இடம் கேட்டுட்டு வர்றேன்” என்று கிளம்பிவிட்டது.

கழுதைப்புலி, உடும்பு, மலைப்பாம்பு என்று ஒருவர் விடாமல் கேட்டது. ஒவ்வொருவரும் ஆந்தையிடம் ஓடினார். ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஆந்தை மதிப்பெண்ணில் கொஞ்சம் கிள்ளி எறிந்தது. கடைசியில் கரடியின் வட்டிதான் குறைவு என்று தெரிந்துகொண்டு பொன்னுத்தாயி திரும்பி வந்தது.

கரடி மறுபடி விசாரித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. “என்னம்மா, காடு பூரா கை நீட்டியிருக்கே? அப்படி என்ன கஷ்டம் உனக்கு? இனிமே தர முடியாது.”

பொன்னுத்தாயி ஆந்தையிடம் போய் அழுதது. “ஐயா, நான் யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கலையே!”

“அதான் சந்தேகமே. இத்தனை பேர்கிட்ட கேட்டும் ஒருத்தரும் கொடுக்கலையே!”

“வேணாம்னு வந்தது நான்தாங்கய்யா!”

“அதைக் குறிச்சு வைக்கிற வழக்கம் இல்லம்மா.”

மேட்டு வளையை நரி வாங்கியது. அது வட்டி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. கரடி காட்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தது. வேறெங்கும் போய்க் கேட்காததால் அதன் மதிப்பெண்ணுக்குப் பெரிய சேதமில்லை.

முதல் மழையன்று பொன்னுத்தாயி அந்த வளைக்கே வாடகைக்குப் போனது. குட்டிகள் காய்ந்த மண்ணில் பிறந்தன, அதுவரை சந்தோஷம். ஆனால் வாடகை, நரி கட்டும் தவணையைவிட அதிகம். மாதம் தவறாமல் கட்டுகிறது, பாவம். வாடகைக்கெல்லாம் ஆந்தை மதிப்பெண் தருவதில்லை.

நீதி: யார் நம்மைக் குறைவாக ஏமாற்றுவார் என்று ஊரெல்லாம் விசாரிக்காதீர்கள். முதலில் கூப்பிட்டவரிடமே முழுமனதோடு ஏமாந்துவிடுங்கள். அதற்குப் பெயர்தான் நாணயம்.