அட்டைக்குப் பசியாற்றும் உத்தியோகம்

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மழை வந்தால் அட்டை வரும். அட்டை வந்தால் கடிக்கும். இதில் ஆராய்ச்சி பண்ண ஒன்றுமில்லை என்றே கூலியாட்கள் குடியிருந்த லயத்து ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், எழுத்து வாசனை இல்லாதவர்கள். பக்கத்து மேட்டில் ஓடு வேய்ந்து, வாசலில் ரோஜாச் செடி வைத்து, ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்றைத் திறந்த பிறகுதான் அட்டை கடிப்பது எவ்வளவு கனமான விஷயம் என்று மேலிடத்துக்குத் தெரிந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம். அதற்கு முன்னால் கடித்ததெல்லாம் கடியில் சேர்த்தியில்லை.

கொழுந்து எடுக்கிற முத்துப்பேச்சிக்கு அந்தக் கனம் முன்னமே தெரியும். ஒரே நிரையில் அவளோடு நின்ற வேலுத்தாய்க்குப் போன மழையில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, சீழ் வைத்தது; இரண்டு மாசம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது கால் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தாள். கால் அடியோடு போனவளால் மலையில் நிற்க முடியாது. மலையில் நிற்க முடியாதவளுக்கு லயத்தில் அறை கிடையாது.

அதனால் முத்துப்பேச்சி போயிலையை ஊறப்போட்டு, சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும் சேர்த்துக் குழைத்து, முழங்கால் வரைக்கும் அப்பிக்கொண்டுதான் மலை ஏறுவாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அட்டைக்கும் அதே அபிப்பிராயம்தான், கிட்ட வராது.

ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக இருந்த அமிர்தநாதன் ஒருநாள் மலையைப் பார்வையிட வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பி.ஏ. படித்தவர், நல்ல மனுஷர்தான். எல்லார் காலிலும் ரத்தம் ஒழுக, இவள் கால் மட்டும் சுத்தமாக இருப்பதைக் கண்டார். விவரம் கேட்டு ஒரு மணி நேரம் எழுதினார். போகும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டை மருந்தும் வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, உலக நன்மைக்கு என்றார். முத்துப்பேச்சிக்கு அன்று பூராவும் உச்சி குளிர்ந்திருந்தது.

உலக நன்மைக்கு மூன்று வருஷம் பிடித்தது. தேயிலையை ஆராயும் இடத்தில் அட்டையை ஆராயலாமா என்று கடிதம் எழுதிப் பதில் வருவதற்கே முதல் வருஷம் போயிற்று. இரண்டாம் வருஷம், நிலையத்துத் துரையின் பெண்சாதியான பெரிய துரைசாணி மருந்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுக்கையில் விழுந்தார். நாற்றத்துக்குக் காரணம் போயிலை என்று கண்டுபிடித்துப் போயிலையை நீக்கினார்கள். சுண்ணாம்பு வெள்ளைத் தோலுக்கு எரிந்தது, அதையும் நீக்கினார்கள். மீந்து நின்ற வேப்பெண்ணெய் ஒன்றே கசந்தது. அதற்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றி, வாசலில் பூத்த ரோஜாவையும் வாட்டிப் போட்டார்கள். கண்டுபிடிப்பு பூர்த்தியாயிற்று.

மூன்றாம் வருஷம் பரீட்சை. இருநூறு அட்டைகளைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார்கள். ஒரு அட்டை செத்தாலும் எழுத்துமூலம் சமாதானம் சொல்ல வேண்டும் என்பதால் அமிர்தநாதன் தினம் இரண்டு வேளை அவற்றுக்கு ஆட்டு ரத்தம் ஊட்டினார். தைலம் பூசிய கையை ஜாடிக்குள் விட்டார்கள். கொழுத்துக் கிடந்த அட்டைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூசாத கையை விட்டபோதும் அப்படியேதான் கிடந்தன. ஆனால் அதை எழுத அச்சடித்த தாளில் இடம் விட்டிருக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

பிறகு கைமாற்றுக் கமிட்டி கூடியது. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அறிவை வியாபார உலகத்திடம் முறைப்படி ஒப்படைப்பது அதன் வேலை. சென்னையிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்து, மாலை போட்டுக்கொண்டு அறிவைப் பெற்றுக்கொண்டார். அட்டையை விலக்கும் பொருட்டுக் காலில் பூசப்படும் சகல வஸ்துக்களும், அவற்றின் முந்திய வடிவங்கள் உட்பட, இனிமேல் கம்பெனியின் உரிமை என்று பத்திரமும் எழுதியாயிற்று.

முந்திய வடிவம் என்றால் முத்துப்பேச்சியின் சிரட்டைதான். மறுநாள் காலை, ஆட்களுக்கு அன்றைய கூலிக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்தில், கங்காணி பெரியமுத்து ஒவ்வொரு பெண்ணின் காலருகிலும் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டு வந்தார். முத்துப்பேச்சியிடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கழுவிட்டு வா பேச்சி. இல்லாட்டா இன்னைக்குப் பேர் இல்ல."

"எங் காலுல நான் பூசுறதுக்கு யாரைக் கேக்கணும் கங்காணியாரே?"

"காலு உன்னோடதுதான், யாரு இல்லன்னா? பூசுறது கம்பெனியோடது."

கழுவினாள். ஆளுக்கு ஒரு புட்டித் தைலம் கொடுத்தார்கள், பூசினாள். அன்று மலையில் அட்டைகள் ரோஜா மணத்துக்குக் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தன. சாயங்காலம் அவள் ஓடையில் உட்கார்ந்து காலைக் கழுவினபோது தண்ணீர் சிவப்பாகப் போயிற்று. வேலுத்தாயின் கால் ஞாபகம் வந்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

புகார் மேலே போயிற்று. அமிர்தநாதன் வந்தார், மலை அட்டை பத்தைப் பிடித்துப் போனார், ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தைலத்தில் குற்றம் இல்லை. குற்றம் அட்டையில். நிலையத்து அட்டை பசியாறிய அட்டை. மலை அட்டை பட்டினி அட்டை. தைலம் பட்டினி அட்டைக்காக உண்டாக்கப்பட்டதல்ல. ஆகவே நிலையத்தில் இருந்த சூழ்நிலையையும் மலைக்குக் கைமாற்றினால் தைலம் தவறாமல் பலிக்கும். ஆட்டு ரத்தத்தை மலை முழுக்கத் தெளித்தால் மழை கழுவிவிடும் என்பதால், பெரட்டுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஒரு ஆள் வெறுங்காலோடு ஏழாம் நம்பர் மலைக்குள் போய் நின்று அட்டைகளுக்குப் பசியாற்ற வேண்டியது. இந்த ஆராய்ச்சிக்கு ஆதியில் செய்த உபகாரத்தை உத்தேசித்து, அந்த உத்தியோகம் முத்துப்பேச்சிக்கே அளிக்கப்பட்டது.

உத்தியோகத்துக்குக் கையில் கட்ட ஒரு சிவப்புப் பட்டையும் ஒரு கறுப்புக் குடையும் உண்டு. மறுநாளைக்கு ரத்தம் ஊற வேண்டுமே என்று, மீதிப் பொழுதுக்கு மலைவேலை வேண்டாம், பாக்டரியில் உட்கார்ந்து தேயிலைத் தூளில் குச்சி பொறுக்கினால் போதும் என்றும் உத்தரவு. லயமே வயிறெரிந்தது. ஏற்கெனவே பாழாய்ப்போன காலை வைத்திருக்கிற தனக்கல்லவா அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று வேலுத்தாய் நாலு நாள் அவளோடு பேசவில்லை.

முத்துப்பேச்சி யோசித்தாள். மாட்டேன் என்றால் பேர் போகும், சரி என்றால் கால் போகும். ஆனால் கங்காணி மோந்து பார்ப்பது பெரட்டில்தானே, மலைக்குள் அந்த நேரத்தில் எந்த மூக்கும் வராதே. விடியுமுன் பழைய மருந்தை நன்றாக அப்பிக்கொண்டு போனாள், ஒரு மணி நேரம் குடைபிடித்து நின்றாள், ஓடையில் கழுவிக்கொண்டு இறங்கினாள். அட்டைகள் பட்டினியாகவே கிடந்தன. உத்தியோகம் ஒரு குறையில்லாமல் நடந்தது.

ஒரு மாசம் கழித்துப் பலனை நேரில் காணக் கமிட்டி வந்தது. ஆராய்ச்சித் துரையும் கம்பெனிக்காரரும் அமிர்தநாதனும் காலுறையைக் கழற்றி, கால் நிறையத் தைலம் பூசிக்கொண்டு, அவள் நிற்கிற அந்த நேரத்துக்கே ஏழாம் நம்பர் மலைக்குள் வந்து நின்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, கால் மணி நேரம் மரியாதையாக நின்றார்கள். முதலில் கம்பெனிக்காரர்தான் ஆடினார். துரையின் காலில் ஒரு சாண் இடம்கூட மீதியில்லை. தட்டிவிடத் தட்டிவிட வேறு ஏறியது.

துரையின் பார்வை குடைக்குக் கீழே போயிற்று. அட்டைக்குப் பசியாற்றுகிறவள் காலில் ஒரு கடி இல்லை. இது எப்படி என்று கேட்கச் சொன்னார்.

அமிர்தநாதன் குனிந்து அவள் காலைப் பார்த்தார். துரை சுருட்டுப் பிடிக்கிறவர், போயிலை வாசம் அவருக்குத் தெரியவில்லை. அமிர்தநாதனுக்குத் தெரிந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரட்டையில் வாங்கிப்போன அதே நாற்றம். அவர் குனிந்தபடியே இருந்தார். முத்துப்பேச்சி குடையைத் தாழ்த்திப் பிடித்தாள். இவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பேர் போய்விடும். சொன்னால் இவருடைய மூன்று வருஷமும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாது.

"நெறையக் கடிச்சுதுங்க ஐயா," என்றாள். "அப்புறம் தைலத்தைப் பூசினேன். உடனே ஆறிப்போச்சு."

அமிர்தநாதன் நிமிர்ந்து, அவள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு நீளத்துக்கு இங்கிலீஷில் சொன்னார். காலில் ரத்தம் ஒழுக ஒழுக, எல்லார் முகமும் மலர்ந்தது. தாங்கள் கடிக்கு முன்னால் பூசியதுதான் பிசகு என்று துரை அப்போதே கண்டுகொண்டார்.

பத்து நாளில் புதிய உத்தரவு. தைலத்தைக் கடித்த பிறகு பூசவும். கடிபடாத காலில் பூசுவது தைலத்தை வீணாக்குவதாகும். கடி உடனே ஆறிவிடுவதால் இனிமேல் எல்லோருமே வெறுங்காலோடு போகலாம், காலில் சாக்குச் சுற்றக் கூடாது. அட்டைப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடையாது. புதுப் புட்டியில் ஒட்டிய தாளில் ஒரு கடியும் இல்லாத பெண்பிள்ளைக் கால் ஒன்றைப் படம் போட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் முத்துப்பேச்சிக்கு, தான் சொன்ன ஒரு சொல் எங்கே போய் நின்றிருக்கிறது என்று உறைத்தது. வேலுத்தாயின் பழைய புண் மறுபடி வாய் திறந்திருந்தது. முத்துப்பேச்சி சிரட்டையை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். காலையில் இதைப் பூசு, இறங்கும்போது கழுவிக்கோ, உன் கால் பிழைக்கும் என்று கெஞ்சினாள்.

வேலுத்தாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரட்டையைத் தள்ளினாள். "ஏட்டி, குடையும் பட்டையும் எங்களுக்கு வந்துரும்னு பயந்து, கங்காணிகிட்ட மாட்டிவிட இந்த நாத்தத்தைக் கொண்டாறியா? துரைக்கு முன்னால தைலந்தான்னு சொன்னது நீதான? இந்தா, உங் காலையே போட்டிருக்கான் பாரு." புட்டியைத் திறந்து புண்ணில் ரோஜாத் தைலத்தைத் தடவிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து மலைக்குக் கிளம்பினாள். லயத்தில் வேறு எந்த வீட்டிலும் அந்தச் சிரட்டையை வாங்கவில்லை.

முத்துப்பேச்சி அதை வாழையிலையால் மூடி, கொல்லைப்புறத்தில் வைத்தாள். மத்தியானம் அதை வாங்கிப்போக அமிர்தநாதன் வருவார். இந்தத் தடவை தம் காலுக்குப் போக, துரைக்கும் கம்பெனிக்காரருக்கும் கங்காணிக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்.