டிரைவ் போல நடித்த பலகை

"டிஸ்க்கே இல்லைங்குதே அம்மிணி!" என்றார் ராசப்பன், தறியின் திரையைப் பார்த்தபடி.

அறிவுச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. இளம்பிள்ளையில் ராசப்பனின் கம்ப்யூட்டர் தறிக்குச் சேலை டிசைன் ஒரு சிடியிலிருந்துதான் வரும். அந்தச் சிடியைப் படிக்கும் டிரைவுக்கு வயசாகிவிட்டதென்று கழற்றிவிட்டார். அந்த மாடல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அதனால் டிரைவ் போலவே நடிக்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகையை அவள் செய்து கொண்டுவந்திருந்தாள்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். இது ஓடிவிட்டால் இன்னும் பத்துத் தறிக்காரர்கள் வாங்கத் தயார். ராசப்பனோ வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு முதல் சேலையைக் காட்டியாக வேண்டும்.

"நெசமான டிஸ்க்கு சுத்தி வேகம் பிடிக்க மூணு நொடி ஆகுமுங்க. என் பலகை உடனே பதில் சொல்லிடுச்சு. தறி நம்பலை."

மூன்று நொடி காக்க வைத்தாள். தறி நம்பியது. ஆனால் முந்தானையில் நெய்த மயிலுக்கு இரண்டு தலை வந்தது.

"இது என்ன மயிலு சாமி?"

"டிரைவுல லென்ஸ் எடம் மாற நேரம் ஆகுமுங்கண்ணா. அதை விட்டுட்டேன்."

அதையும் சேர்த்தாள். இப்போது மயிலுக்குத் தலையே இல்லை. தறி கேட்கும் வேகத்துக்குப் பலகையால் கொடுக்க முடியவில்லை.

நிஜ டிரைவ் அடுத்து வேண்டியதை முன்கூட்டியே படித்து பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அவளும் ஒரு பஃபர் வைத்தாள். தலை வந்தது. ஆனால் பலகை சேமித்த டிசைன் துண்டையே திரும்பத் திரும்பக் கொடுத்ததில், தோகை முந்தானையைத் தாண்டி நீண்டுகொண்டே போனது.

"பொண்ணு இதைக் கட்டுனா ஊடு பூராத் தோகைதான்" என்றார் ராசப்பன். தறி ஓட்டும் காளியாத்தாள், வீணான துணியை அறுத்தெடுத்து மடித்து வைத்தாள்.

அறிவுச்செல்வி பழைய டிரைவை அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். ஒவ்வொரு துண்டையும் படிக்க அது எத்தனை மில்லிநொடி எடுக்கிறது என்று மூன்று நாள் சோறு தண்ணி மறந்து அளந்தாள். அப்பா அறை வாசலில் நின்று, "பெங்களூருக்கே போயிடறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பலகைக்கும் டிரைவுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தறியில் மாட்டினாள். ஒரே தலை, அளவான தோகை. ராசப்பன் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி முந்தானையில் தறி தடக்கென்று நின்றது. 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.'

அணைத்துப் போட்டாள். மறுபடி அதே இடம். இன்னொரு முறை. அதே இடம். ராசப்பன் கல்யாண வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பழைய டிரைவு எப்படியோ அப்படியேதான் செஞ்சேன். எங்க தப்பு விட்டேன்னே தெரியலையே!"

காளியாத்தாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"தப்பே இல்லீங்க அம்மிணி. அதும் இதே எடத்துலதானுங்க நிக்கும். அதனாலதான கழட்டிப் போட்டோம்."